இட்டேரித் துணை

பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளையின் பேருக்குக் கொடுங்கள், எந்தப் பள்ளி நல்லதோ அங்கே போய்ப் படிக்கட்டும். தொண்ணூறுகளில் இதை நான் பேசாத கூட்டம் கிடையாது. அந்தியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்துகொண்டே பேசினேன். கூரை ஒழுகும் பள்ளியின் தலைமை ஆசிரியரே சொல்கிறார் என்று கைதட்டினார்கள்.

பிறகு உண்மையிலேயே அப்படி ஒரு திட்டம் வந்தது. நன்றாகப் படிக்கும் கிராமத்துப் பிள்ளையின் பேரில் வங்கிக் கணக்கு. அரசு அதில் பணம் போடும், பெற்றோர் விரும்பும் தனியார் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தேர்வானாள்.

அவள் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில். பள்ளிக்கு இட்டேரி வழியாகத்தான் வர வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கள்ளிவேலி, நடுவே ஒரு வண்டித் தடம், கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்து அக்கா தங்கை இருவரையும் கூட்டிக்கொண்டு, நாய்களுக்காகக் கையில் ஒரு குச்சியோடு இவள்தான் முன்னால் நடப்பாள்.

பீளமேட்டில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றை நானே பார்த்து வைத்தேன். அவள் அப்பாவிடம் அதைச் சொல்லப் போன அன்று, அந்த அக்கா தங்கையின் அம்மாவும் அங்கே இருந்தார்.

"ஏனுங்க சார், அம்மணி போயிட்டா எங்க புள்ளைக ஆரோட வருமுங்க?"

"அதான் ரண்டு பேரு இருக்காங்கல்லீங்க. கையப் புடிச்சுட்டு வரட்டுமுங்க" என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, விடுதிக்கு டிரங்குப் பெட்டி எங்கே வாங்கலாம் என்று பேசப் போய்விட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. அக்காவும் வரவில்லை, தங்கையும் வரவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர்களின் அப்பா கட்டிலைத் தட்டிப் போட்டார். மோர் வந்தது.

"நாளைக்கு அனுப்பிருவீங்களா?"

"அதுக்கென்னங்க சார், அனுப்பிப்போடலாமுங்க."

அனுப்பவில்லை. மறுபடி போனேன், மறுபடி மோர். "இதுக்காக நீங்க இவ்வளவு தூரம் வரோணுமுங்களா? ஒரு வார்த்தை சொல்லி உட்டா ஆகாதுங்களா?" நானும் இந்தச் சீமைக்காரன்தான். இந்த மரியாதைக்குள் எத்தனை பிடிவாதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கொண்டு திரும்பினேன். அடுத்த முறை கத்திவிட்டேன்.

"அனுப்புவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லுங்க!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் புள்ள இருந்த வரைக்கும் நாங்க ஏதாச்சும் சொன்னமுங்களா சார்? அது தைரியக்காரி. இதுக நாய் கொலச்சாலே அழுவுமுங்க. ஏதோ ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஆருங்க பதில் சொல்றது?"

"நானே வண்டியில கூட்டிட்டுப் போறேனுங்க."

"ஆளான புள்ளைகங்க சார். ஊருல நாலு பேரு நாலு பேசுவாங்க. உங்களுக்கும் சேத்தித்தான் சொல்றேனுங்க."

கல்வி அலுவலகத்துக்கு ஓடினேன். துணைக்கு நடந்து வர ஓர் ஆயாவைப் போட ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பணம் புள்ள பேருக்குத்தான் சார். நீங்கதான மேடைக்கு மேடை அப்படிக் கேட்டீங்க?"

பீளமேட்டுக்குப் போன பெண் நன்றாகப் படித்தாள், இன்று நல்ல நிலையில் இருக்கிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை மேலே கொண்டுவந்தவர் என்று யாராவது என்னை மெச்சும்போது பற்றிக்கொண்டு வருகிறது. அவளைத் தவிர வேறு யாரும் அந்தத் தடத்தில் நடப்பதாக நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு தாய் வாய்விட்டுக் கேட்டும் நினைக்கவில்லை.

தீபாவளி கழிந்து கடைசியாக ஒரு முறை போனேன். அன்றைக்கும் கட்டில், அன்றைக்கும் மோர்.

"இனி உங்களுக்கு அலைச்சல் இல்லீங்க சார்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "ரண்டும் மில்லு வேலைக்குப் போவுதுங்க. வேன் ஊட்டு வாசலுக்கே வந்து ஏத்திக்குதுங்க."

"இந்த இட்டேரியில வேன் எப்படிங்க வரும்?"

"வரும்போது பாக்கலீங்களா? மில்லுக்காரங்களே ஆள் உட்டு வேலிய வெட்டி அகலம் பண்ணிப்போட்டாங்க. ரண்டே நாளுங்க."

வரும்போது யோசனையில் கவனிக்கவில்லை. திரும்பும்போது பார்த்தேன். கள்ளியெல்லாம் வெட்டிக் குவித்துக் கிடந்தது, பால் இன்னும் காயவில்லை.