புதுப் படைக்கு ஒரு பேண்டு

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ரங்கூனில் முதலில் கையொடிந்து போனவர்கள் பேண்டுக்காரர்கள்தான். ஓட்டல் நடனங்கள் நின்றன. குதிரைப் பந்தயம் நின்றது. மிஷன் பள்ளியில் கார்னெட் ஊதக் கற்றிருந்த எனக்குக் கல்யாண வீடுகளும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும்தான் மிச்சம். பகலில் கியாக்டடாவில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. வயது இருபத்து மூன்று. மூச்சு நிறைய இருந்தது, ஊதத்தான் இடமில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் சீருடையில் ஒரு கேப்டன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் எனக்குப் பல வருஷம் முன்னால் படித்த பர்மியர். புதிதாக ஒரு படை அமைத்திருக்கிறார்களாம், அதற்குப் பேண்டு வாத்தியார் வேண்டுமாம். சாயங்காலங்களில் வந்தால் போதும் என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

முகாம் நகரத்துக்கு வெளியே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மலைப்பக்கம் காவலுக்கு ஆயுதப் போலீஸ் வைத்திருந்தார்கள் அல்லவா, அதிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்கள். போலீஸ் ஸ்டேஷன் எதுவும் இவர்களுக்கு உத்தரவு போட முடியாது, மேலிடத்திலிருந்து நேராக வரும். புது பூட்ஸ், புதுத் துப்பாக்கி, நல்ல சாப்பாடு. பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டதில் ராணுவத்தின் பேர் கெட்டுவிட்டது, இனி ஊருக்குள் கூட்டம் கூடினால் கலைக்க இவர்கள் போவார்கள் என்று கேப்டன் புது பஸ் விட்டதைச் சொல்வது போலச் சொன்னார்.

மூடிக் கிடந்த ஏதோ கிளப்பின் கிடங்கிலிருந்து வாத்தியங்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். டிராம்போனுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெரிய டிரம்மின் ஒரு பக்கத் தோலைக் காணோம். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட சிப்பாய்கள் துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். கிளாரினெட்டைக் கையில் கொடுத்தால் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலப் பிடித்தார்கள்.

சிக்கல் மெட்டில் வந்தது. இங்கிலீஷ் மெட்டு எதுவும் கூடாது என்று உத்தரவு. எனக்கு மனப்பாடமான அணிவகுப்பு மெட்டெல்லாம் இங்கிலீஷ்தான். அணிவகுப்போ நெருங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல், எங்கள் கோயிலில் இழுத்து இழுத்துப் பாடும் ஒரு ஞானப்பாட்டை எடுத்து நாலு மடங்கு வேகமாக்கி, டிரம்மை முன்னால் தள்ளிக் கற்றுக் கொடுத்தேன். கேப்டன் கேட்டு மகிழ்ந்துபோனார். எந்த ஊர் மெட்டு என்றார். த்வாண்டே பக்கம் நாற்று நடும்போது பாடுவது என்று சொல்லிவைத்தேன்.

பெரிய டிரம் அடித்தவர் சின் மலைக்காரர், சார்ஜன்ட். அன்று எல்லோரும் போனபின் என்னிடம் வந்து, வாத்தியாரைக் கூப்பிடும் பர்மியச் சொல்லால் அழைத்து, பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "சயா, இதை எங்க ஊர்ல சாவு வீட்டுல பாடுவோம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அவர்கள் மலைக்கும் மிஷன்காரர்கள் போயிருக்கிறார்கள். பிறகு தன் மொழியில் நாலு வரி பாடியும் காட்டினார். நல்ல குரல். அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அம்மாவின் மீன்குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார்.

மாசி வெயிலில் அணிவகுப்பு நடந்தது. ரோட்டோரக் கூட்டத்தில் குடையோடு நின்ற அப்பா, மெட்டு காதில் விழுந்ததும் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் படைக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத் தாங்களும் கழற்றினார்களாம். வீட்டுக்கு வந்து சிரிப்பை அடக்க மாட்டாமல் சொன்னார், "டேய், ரெண்டு தடவை ஆமென் சொல்லிட்டேண்டா."

அடுத்த மாதம் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. லான்மடாவில் எங்கள் வீடு மாடியில், கீழே குடைக்கடை. அதை நடத்திய பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். காலையில் லாரிச் சத்தம் கேட்டு இறங்கிப் போனால், தெரு முழுக்க என் சிப்பாய்கள், கையில் துப்பாக்கி. கடை வாசலில் நின்றவர் சார்ஜன்ட். உள்ளே அதிகாரிகள் குடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சார்ஜன்ட் என்னைப் பார்க்காமலே உதட்டசைத்தார். "மேல போயிடுங்க சயா. இன்னைக்கு நான் உங்களுக்குத் தெரிஞ்சவன் இல்லை."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். தன் கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பாய், மதியம்வரை சார்ஜன்ட் வெயிலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதிர் டீக்கடையில் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினார். "குடிங்க தம்பி, நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்." தமிழில்தான் சொன்னார். சார்ஜன்ட் இருபுறமும் பார்த்தார். வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

அதை யாரோ மேலே சொல்லிவிட்டார்கள். சில நாளில் அவர் லுங்கி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், எல்லைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். இந்தப் படைக்கு ஆள் எடுக்கும்போதே ரங்கூனில் சொந்தக்காரர் இல்லாதவனாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று அன்றுதான் சொன்னார். தெரிந்த முகத்துக்கு எதிரே கை தயங்கிவிடுமல்லவா. "எனக்கு இங்க சொந்தம் முளைச்சுடுச்சுன்னு எழுதிட்டாங்க" என்று சிரித்தார். அம்மா சோறு போட்டாள். பாயும் வந்து உட்கார்ந்தார்.

நான் பல் வலி என்று சொல்லி முகாமுக்குப் போவதை நிறுத்தினேன். கார்னெட் ஊதுகிறவனுக்குப் பல் போனால் எல்லாம் போச்சு என்பதைக் கேப்டனால் மறுக்க முடியவில்லை. பாய் அந்த வருஷமே கப்பலேறினார். போகும்போது தன் சொந்தக் குடையை, அது ஒன்றுதான் கணக்கில் வரவில்லை, அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மழை தொடங்கியிருந்தது. அப்பா அதை விரித்துக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்பினார்.