மல்லிகா எடுத்த ‘வடைத் திருடன்’

வீட்டில் படம் எடுப்பது, நிம்மதியாக இருக்கிற மனுஷன் வம்பை விலைக்கு வாங்குகிற தொழில். ஜிம்பல் வாங்கி மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு: ஜிம்பல் என்பது போனை மாட்டுகிற மோட்டார் கைப்பிடி. கை ஆடினாலும் படம் ஆடாது.

நான் வாங்கியது என் மனைவி மல்லிகாவுக்காக. எங்கள் வீட்டுப் போட்டோ எல்லாம் அவள் எடுத்ததுதான். இரண்டு வருஷமாக அவளுக்கு வலது கை நடுங்குகிறது. அதிலிருந்து போனில் ஒரு படம்கூட எடுப்பதில்லை. அவள் மறுபடி எடுக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. டப்பாவை நீட்டினேன். “நடுங்குற கைக்கு வித்தை காட்டுறீங்களா? உள்ள வைங்க.”

முழங்கால் நடை

சரி, நானே எடுத்தால் ஆசைப்பட்டு வந்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஜிம்பலே இருந்தாலும் விறைப்பாக நடந்தால் படம் துள்ளும். முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக உருட்டி வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் காலையில் அப்படி நடந்து பழகினேன். எதிர்வீட்டு ரங்கராஜன் சார் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மூலமா சார்? கூச்சப்படாதீங்க, புத்தூர்ல நல்ல டாக்டர் இருக்கார்.”

மாமனார் கதாநாயகன்

என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் சேவியர், காட்டூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நான் எடுக்கத் துணிந்த குட்டிப் படத்தில் வடைத் திருடனாக நடித்தார். ஜிம்பல் முகத்தைக் கண்டுபிடித்துத் தானே பின்தொடரும். பின்தொடர்ந்தது, சுவரில் மாலை போட்டிருந்த என் மாமனார் படத்தை! சேவியர் எந்தப் பக்கம் பதுங்கினாலும் அது மாமனாரை விட்டு நகரவில்லை. ஏழு தடவை எடுத்தோம். சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த மல்லிகா சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

“சார், வேஷத்தை அவருக்கே குடுத்துடுங்க. நான் வடையை மட்டும் சாப்பிட்டுட்டுப் போறேன்.”

கடைசித் தட்டு

அடுத்து ஜிம்பலே ‘டர்ர்’ரென்று உதற ஆரம்பித்தது. அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வடையும் கடைசித் தட்டுக்கு வந்துவிட்டது. மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “போன் கவரைக் கழட்டாம மாட்டினா, வெயிட் தாங்காம அது என்ன பண்ணும் பாவம்? கழட்டுங்க. போனைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க.” சொன்னபடி செய்தேன், உதறல் நின்றது. எப்படித் தெரியும் என்றேன். நான் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் டப்பாவிலிருந்த புத்தகத்தை முழுக்கப் படித்திருக்கிறாள், கள்ளி! அதை எழுதின புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

மாமனார் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். “அஞ்சு நிமிஷம்ப்பா.” பிறகு என் கையிலிருந்து ஜிம்பலை வாங்கினாள். பிடித்த கை நடுங்கியது. திரையில் வடைத் தட்டு அசையாமல் நின்றது. அவள் அதையே பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேவியரும் வடையை மறந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சேவியர் சார், என் கையையா திருடப் போறீங்க? வடையைப் பாருங்க. ஆக்‌ஷன்!”

அன்றிலிருந்து வாரம் ஒரு படம் எடுக்கிறோம். இப்போது படப்பிடிப்பில் கை கால் உதறுவது எனக்கு மட்டும்தான், டைரக்டர் போடுகிற சத்தத்தில்.