இருநூற்று நாற்பத்தொன்றாம் படம்

எங்கள் அருங்காட்சியகத்தில் படங்களுக்குச் சட்டம் போடுபவரை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உடம்பு, ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. அது ஒரு காரணம். வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவார் என்பது இன்னொன்று. எங்கே விழுங்கித் தொலைப்பாரோ என்று நமக்குத்தான் பயம். முப்பத்தோரு வருடத்தில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

நான் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன். உள்ளே இருக்கும் கலையைவிட, அதைப் பார்க்க வருகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கண் டாக்டர் ஆரம்பித்துவைத்த இடம் இது. பார்த்த படத்தையெல்லாம் வாங்கிக் குவித்தார். கடைசியில் அவர் மனைவி, இந்த வீட்டில் படங்கள் இருக்கட்டும் அல்லது நான் இருக்கிறேன் என்றாராம். டாக்டர் படங்களை நகராட்சிக்குக் கொடுத்தார். அவை பழைய தபால் கிடங்கு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைக் கேள்விப்பட்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெருமைக்காகச் சிலர், தூக்கிப்போட மனமில்லாமல் பலர். அப்படிச் சேர்ந்ததில் வக்கீல்களின் உருவப்படம் மட்டும் நாற்பது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பானைகளுக்கு ஒரு அறை, மூக்குடைந்த சிலைகளுக்கு ஒரு அறை. நடுக்கூடம் பெரியவருக்கு. பெரியவர் என்றால் இந்த ஊரில் பிறந்து வெளியில் பேர் வாங்கிய ஒரே ஓவியர். அவருடைய பத்தொன்பது படங்கள் எங்களிடம் உண்டு. கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு வயதான பிறகுதான் வந்தது.

முதல் காப்பாட்சியர் பயந்த மனிதர். படத்தின் துணியில் பேனா படக்கூடாது என்று, எண்ணை வெளிச்சட்டத்தின் பின்பக்கம் எழுதவைத்தார். பதிவேட்டில் அந்த எண், அளவு, ஓவியர், கொடுத்தவர் பெயர் இருக்கும். விவரம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'ஊர்க்காட்சி' என்று ஒரே வார்த்தை. எழுத்தருக்கு அவ்வளவுதான் பொறுமை.

நடுக்கூடத்தில் எல்லோரும் நின்று பார்ப்பது 214ஆம் எண் படம். வரிசை வீடுகளின் கொல்லைப்புறம், கொடியில் ஈரப் படுக்கை விரிப்புகள். ஒரு விரிப்புக்குக் கீழே குழந்தையின் இரண்டு பாதம் மட்டும் தெரியும். ஒளிந்து விளையாடுகிறதாக்கும். ஒரு கட்டை விரலில் வெள்ளையாக ஒரு தீற்று. பெரியவரைப் பற்றி வந்த கையேட்டில், 'விரல் நுனியில் ஒளி விளையாடுகிறது' என்று எழுதியிருக்கும். நான் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டிலும் அந்தப் படம்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரம்மா வந்தார். கல்யாணமாகி வெளியூர் போய், கணவர் இறந்தபின் திரும்பியவர். கூடத்துக்குள் போன கால் மணி நேரத்தில் உள்ளே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வலது காலின் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

"இது எங்கம்மா வரைஞ்ச படம். அந்தக் கால் என்னோடது. செங்கல் விழுந்து கட்டு போட்டிருந்தேன். பாருங்க, நகம் இன்னும் கோணலாத்தான் இருக்கு."

நகம் கோணலாகத்தான் இருந்தது. நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

காப்பாட்சியர் பதிவேட்டைப் புரட்டினார். தையல்காரம்மாவின் அம்மா ஒரு படம் கொடுத்திருந்தது உண்மை. எண் 241. 'ஓவியர் தெரியவில்லை.' யார் வரைந்தது என்று எழுத்தர் கேட்கவில்லை, அந்த அம்மாவும் வாய் திறக்கவில்லை போலிருக்கிறது. மாட்ட இடமில்லாத படங்களை அடுக்கிவைக்கும் கிடங்கிலிருந்து 241ஐ எடுத்துவந்து காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பாலம்.

"எங்கம்மா கொல்லைப்புறத்தைத் தாண்டி எதையும் வரைஞ்சதில்லங்க," என்றார் தையல்காரம்மா.

ஆணியக்கா 241ஐத் திருப்பி, சட்டத்தின் எண்ணை விரலால் தட்டிக் காட்டினார். "மனுஷங்களுக்கு மறக்கும்மா. சட்டத்துக்கு மறக்காது."

அதற்குப் பிறகு தையல்காரம்மா வாதாடவில்லை. மாதத்தில் ஒரு நாள் டிக்கெட் வாங்குவார், 214க்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பார், போய்விடுவார். 'கால் அம்மா வந்தாச்சு' என்று நாங்கள் கண்ணடித்துக்கொள்வோம். இப்போது எழுதும்போது கூசுகிறது.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக 214இன் சட்டத்துக்குப் புதுப் பூச்சு கொடுக்கச் சொன்னார்கள். ஆணியக்காவுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. பட்டறை மேசையில் படத்தைக் கவிழ்த்து, சட்டத்தைப் பிரித்தார். பிறகு வெகுநேரம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. டீயோடு எட்டிப் பார்த்தேன். வாயில் ஆணி இல்லை.

"இங்க பாரு," என்றார்.

துணியை இழுத்துக் கட்டியிருக்கும் உள்சட்டத்தில் பழைய ஆணித் துளை நாலு. வெளிச்சட்டத்திலும் பழைய துளை நாலு. ஒன்றுக்கொன்று நேராக இருந்திருக்க வேண்டியவை, இரண்டு விரல் தள்ளியிருந்தன. அவற்றை விட்டு, இரண்டையும் சேர்த்து அடித்த புது ஆணிகள் ஐந்து. எங்கள் அருங்காட்சியகத்தில் ஐந்து ஆணி அடிப்பவர் ஒருவர்தான். மேலே இரண்டு, கீழே மூன்று.

"241ஐ எடுத்துட்டு வா," என்றார். எடுத்து வந்தேன். பாலத்தைப் பிரித்து, 214இன் சட்டத்துக்குள் வைத்தார். நாலு துளையும் நாலு துளையோடு, தைத்த சட்டைக்குப் பொத்தான் போட்ட மாதிரி பொருந்தின.

அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் புயல் அடித்தது. தபால் கிடங்கின் கூரை ஒழுக, எண்பது படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனித்தனியாகக் காயவைத்தார்கள். காய்ந்தபின் திரும்பப் போடும் வேலை புதிதாக வந்த ஆணியக்காவிடம் விழுந்தது. ஒரே அளவில் இரண்டு படம், இரண்டும் 'ஊர்க்காட்சி'. நடுக்கூடம் கட்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நான்தான் மாத்திப் போட்டிருக்கேன்," என்றார். "பண்றதையும் பண்ணிட்டு அந்தம்மாகிட்ட எண்ணைத் தட்டிக் காட்டினேன் பாரு."

அப்போதே எழுந்து காப்பாட்சியரிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாராம்.

"அக்கா, இது உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஏழு மாசம். மரியாதையா மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. இப்போ சொன்னா விசாரணை, பென்ஷன் இழுபறி. எதுக்கு?"

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார். பதினோரு வருஷமாத் தெரியும்."

அக்கா எழுத்தில் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல, நான்தான் டைப் அடித்தேன். 'கவனக்குறைவால்' என்று நான் போட்டதை நீக்கச் சொல்லிவிட்டு, 'என் தவறால்' என்று போடச் சொன்னார். விசாரணைக் குழு வந்து துளைகளை அளந்தது, தையல்காரம்மாவின் கால் விரலையும் பார்த்தது. நாலு மாதம் ஓடியது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். பதிவேட்டில் 241க்கு நேரே, ஓவியர் என்ற இடத்தில், தையல்காரம்மாவின் அம்மா பெயரை எழுதினார்கள். கூடவே ஒரு உத்தரவு: நடுக்கூடம் பெரியவரின் படங்களுக்கு மட்டுமானது என்பதால் பாலமான 214 அங்கே மாட்டப்படும்; கொல்லைப்புறமான 241 கிடங்குக்குப் போகும்.

அக்கா மறுபடி காப்பாட்சியர் அறைக்குப் போய் அசையாமல் நின்றார். மூன்று மணி நேரம். வேறு சுவரில் மாட்டுங்கள் என்று கேட்டார். வேறு சுவரில் வக்கீல்கள் இருந்தார்கள். நாற்பது பேரில் ஒருவரை இறக்கினாலும் பேரன்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் காப்பாட்சியர்.

படத்தைக் கூடத்திலிருந்து இறக்கியது ஆணியக்காதான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மறுவாரம் தையல்காரம்மா வந்தார். புதுப் புடவை. கூடத்துக்குப் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்கா கவுண்டர் பக்கமாக நின்று, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தான் மாற்றிப் போட்டது, பதிவேட்டில் பெயர் ஏறியது, படம் உள்ளே போனது.

தையல்காரம்மா கோபப்படவில்லை. பதிவேட்டைக் காட்டச் சொல்லி, அம்மாவின் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு கேட்டார்.

"அப்போ நான் எங்க போய் பார்க்கறது?"

கிடங்கில் இருப்பதைப் பார்க்க ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு வாரத்தில் அனுமதி வரும், பத்து நிமிடம் பார்க்கலாம். அதை நான்தான் சொன்னேன்.

"முன்னாடி டிக்கெட் எடுத்தா போதும்," என்றார் தையல்காரம்மா. குறையாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிற குரல்தான்.

ஆணியக்கா அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எதுக்கு அழறீங்க, எங்கம்மா பேரை வாங்கிக் குடுத்திருக்கீங்க," என்று தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிப் படிவத்தைக் கேட்டு வாங்கி, கவுண்டர் பலகையில் வைத்து எழுத ஆரம்பித்தார். ஓவியர் என்ற இடத்தில் நிதானமாக அம்மாவின் பெயர். அதற்குக் கீழே, பார்க்க விரும்பும் காரணம் என்று மூன்று கட்டம் இருந்தது: ஆராய்ச்சி, நகலெடுத்தல், மற்றவை.

"இதுல நான் எதுங்க?" என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.