மைக் பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

கால்பந்து வர்ணனை என்பது, பந்து ஒரு பக்கமும் நாக்கு இன்னொரு பக்கமும் ஓடுகிற தொழில். மைக் பிடித்து மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் எனக்குத் தபால் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் கூப்பிட்டுவிடுவார்கள்.

எல்லாரும் ஒரே நிறம்

வல்லக்கோட்டையில் ஒரு மழை நாள். சிவப்பு பனியன், நீல பனியன் எல்லாம் சேற்றில் ஒன்றாகிவிட்டன. எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ஆறுமுகம். அதனால் முதல் பாதி முழுக்க, "ஆறுமுகம் பந்தை எடுக்கிறார், ஆறுமுகம் பாய்கிறார்" என்று சமாளித்தேன். இடைவேளையில் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

"சார், நான்தான் ஆறுமுகம். கால் சுளுக்கி ஆரம்பத்துலயே வெளிய வந்து குந்திகினு கீறேன். ஆனா மைக்ல சூப்பரா ஆடறேன், அப்படியே சொல்லிகினே இருங்க!"

விழுந்தவரின் அம்மா

கோல்கீப்பர் மாணிக்கம் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் தலை மோதி விழுந்தார். "மாணிக்கம் அசையவில்லை!" என்று உருக்கமாகச் சொன்னேன். அவர் எழுந்து தண்ணீர் குடித்தபோது என் வர்ணனை அடுத்த பந்தின் பின்னால் போயிருந்தது. பக்கத்துக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா, ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு முழங்கால் சேற்றோடு அலறிக்கொண்டு ஓடிவந்தார். மகன் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் அருகே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"வுழுந்தத மைக்ல சொன்னியே, எழுந்ததையும் சொல்லக் கூடாதா நைனா? கழனில இருக்கறவங்களுக்கும் காது கீது."

வலையில்லாத கோல்

எங்கள் மண்ணூருக்கும் தண்டலத்துக்கும் இறுதிப் போட்டி. கோல் கம்பங்களில் வலை கிடையாது. நான் ஓரமாக ஒரு மேஜை மேல் நின்று வர்ணித்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆள் அடித்த பந்துக்கு ஊரே "கோல்" என்றது. தண்டலத்தார் "இல்லை" என்றார்கள். ரெஃப்ரியின் பார்வையை ஆட்டக்காரர்கள் மறைத்திருந்தார்கள். நேரே என்னிடம் வந்தார். "மேஜை மேல நின்னது நீங்கதான், சொல்லுங்க."

சொந்த ஊர் மொத்தமும் என்னையே பார்த்தது. "வெளியேதான் போச்சு" என்றேன். தோற்றோம். வெளியே வந்தால் எங்கள் கேப்டன் தேவராஜ் சைக்கிளோடு நிற்கிறான். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"ஏறுண்ணே பின்னாடி. கோவமாத்தான் கீது. ஆனா நாளைக்கு நாங்க கோல் போட்டு நீ சொன்னா, தண்டலத்துக்காரனும் நம்புவான்ல?"

இத்தனை வருஷம் கத்தியதில் கால்பந்தைப் பற்றி நான் கற்றது கொஞ்சம்தான். கேட்டுப் பொறுத்துக்கொண்ட ஜனங்களுக்குத்தான் கோப்பையைக் கொடுத்திருக்க வேண்டும்.