முகூர்த்தப் புடவைக்கு லிஃப்ட்

போன வியாழக்கிழமை காலை. எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு அதுக்கு?"

"உஷ்... டேங்க் மூலையில கொஞ்சம் நிக்குது. இப்படிச் சாச்சிப் போட்டா இறங்கி வந்துடும்."

பெட்ரோல் விலை ஏறினால் மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இவர் புவியீர்ப்பு விசையை நம்ப ஆரம்பித்துவிடுவார். பாலத்து இறக்கம் வந்தால் இன்ஜின் ஆஃப். எதிர்க்காற்று அடித்தால் பயணம் ரத்து. பின்னால் உட்காரும் நான் ஹேண்ட்பேக் எடுத்து வந்தால் எடை கூடுகிறதாம்! (என் எடையைப் பற்றி மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. உயிர் மேல் ஆசை இருக்கிறது.)

ஒருத்தர் செய்தால் பைத்தியக்காரத்தனம். தெருவே சேர்ந்து செய்தால் அதற்குப் பெயர் திட்டம், இல்லையா? விலை ஏறிய கையோடு எங்கள் தெருவில் ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்தது. பெயர் 'போற வழி'. ஒரே ஒரு வேலைக்காக எந்த வண்டியும் கிளம்பக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று குரூப்பில் போட வேண்டும். அந்தப் பக்கம் யாருக்கு என்ன வேலை இருந்தாலும் அதையும் முடித்துக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை எங்கள் இட்லி மாவு, எதிர்வீட்டுக்காரர் வண்டியில் வந்தவாசி வரை போய், பொங்கிப் புளித்து வீடு திரும்பியது. அட்மின் யார் என்று கேட்கிறீர்களா? எனக்குத் தாலி கட்டியவர்தான்.

அன்றைக்கு விஷயம் மாவு இல்லை. மறுநாள் காலை வந்தவாசியில் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எங்கள் பக்கம்தான் எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை பட்டுக்குப் பேர்போன ஆரணியில் இருக்கும்போது வேறு யார் பொறுப்பு? பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் தனசேகர் வீட்டுத் தறியில் சொல்லிவைத்து நெய்த அரக்குச் சிவப்பு. அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்திருந்தார்கள். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் முன்னால் வரிசைத் தட்டில் அது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அண்ணி என்னைத் தூக்கித் தட்டில் வைத்துவிடுவார்.

"வாங்க, ஜல்தியா போய் எடுத்துகினு வந்துடலாம்" என்றேன்.

"ஒரு புடவைக்காக முள்ளிப்பட்டுக்குத் தனி ட்ரிப்பா?" என்னவோ ஹெலிகாப்டர் கேட்ட மாதிரி பார்த்தார். "குரூப்ல போட்டுட்டேன். போறவங்க யாராவது எடுத்தாந்துடுவாங்க."

மத்தியானம் சாப்பாட்டு வேளையும் தாண்டியது. புடவை வரவில்லை. தனசேகர் மனைவிக்கு போன் போட்டேன்.

"ஒன்றரைக்கு ராகு காலம் பொறந்துடும்ங்க. அதுல முகூர்த்தப் பொடவைய வாசல் தாண்ட உடுவனா? ஸ்கூல்லர்ந்து உங்க தெரு ஸ்டெல்லா டீச்சர் ஆரணிக்கு மீட்டிங்குன்னு போய்கினு இருந்தாங்க. வண்டிய நிறுத்திக் குடுத்தனுப்பிட்டேன்."

சரி, ஸ்டெல்லா டீச்சர்.

"கவலைப்படாதீங்கக்கா, மீட்டிங்குக்கு லேட்டாயிடுச்சு. வழியில ஜரிகைக் கடை பாபு அண்ணனைப் பார்த்தேன், நான் குடுத்துடறேன்னு வாங்கிகினாரு. தரையில மட்டும் வெச்சிடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

சரி, பாபு. ஸ்விட்ச் ஆஃப். கடைக்கு போன் போட்டால், காஞ்சிபுரம் கிளம்பிவிட்டாராம். பஸ்ஸில். ஏன் பஸ்? வேறென்ன, பெட்ரோல் மிச்சம்!

அண்ணியிடமிருந்து போன். "இன்னாம்மா, பொடவை கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு அண்ணி."

பொய்யில்லை. எங்கே கிளம்பியது என்பதுதான் தெரியவில்லை. போனை வைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பெண் எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள்?

விஷயம் குரூப்புக்குப் போனது. அவ்வளவுதான்... தெருவே வண்டியை எடுத்துவிட்டது. டீச்சர் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜரிகைக் கடைக்கு. எதிர்வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு. அவர் மனைவி இன்னொரு வண்டியில் பாபு வீட்டுக்கு. தனசேகர் தன் மொபெட்டில் முள்ளிப்பட்டிலிருந்து. ஆளுக்கொரு வண்டி, எல்லோருக்கும் ஒரே வேலை! ஊர் நடுவிலிருக்கும் கோட்டை மைதானத்தை எதிரும் புதிருமாகச் சுற்றினோம். "கிடைச்சுதா?" என்று கத்திக்கொண்டே ஒருவரை ஒருவர் கடந்தோம். அன்று எரித்த பெட்ரோலில் முள்ளிப்பட்டுக்கு எத்தனை தடவை போய் வந்திருக்கலாம்?

கடைசியில் எங்கள் ஸ்கூட்டர் விக்கியது. நின்றது. இவர் அதை நடுரோட்டிலேயே படுக்கப் போட்டார். புரட்டினார். குலுக்கினார். மூலையில் இருந்ததும் தீர்ந்துவிட்டிருந்தது.

"தள்ளு" என்றார்.

கல்யாணத்துக்குக் கிளம்பிய கோலத்தில், தலை நிறைய மல்லிகையோடு, நான் பின்னாலிருந்து தள்ளினேன். வழியெல்லாம் அவரைத் திட்டியதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஒரு வழியாகப் பங்க் வந்து சேர்ந்தோம். பெட்ரோல் போடும் பெண்ணுக்கு இவரை நன்றாகத் தெரியும். ஹோஸை உதறி உதறிக் கடைசிச் சொட்டு வரை வாங்குகிற ஆளை யார் மறப்பார்கள்?

"இன்னா சார், இவ்ளோ நேரமா? மத்தியானத்துலர்ந்து பார்த்துகினு இருக்கேன், உங்க தெருவுலர்ந்து ஒருத்தர் கூட வரல!" என்றாள். உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தாள். "ஜரிகைக் கடை அண்ணன் பஸ்ஸுக்கு ஓடறப்ப குடுத்துட்டுப் போனாரு. 'அந்தத் தெருவுல எல்லார் வீட்லயும் வண்டி இருக்குது, பங்க்குக்கு வராம எங்க போயிடுவாங்க? மொதல்ல வர்றவங்க கையில குடுத்துடு'ன்னாரு."

பாபு கணக்கில் என்ன தப்பு? வண்டி வைத்திருக்கிற எவரும் வந்துதான் தீர வேண்டிய இடம். அங்கே போகாமல் இருப்பதற்கென்றே சங்கம் வைத்திருந்தது நாங்கள்தானே!

பையைப் பிரித்தேன். அரக்குச் சிவப்பு ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்த வாசனை வந்தது.

"தரையில வைக்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொன்னாரும்மா" என்றாள் அந்தப் பெண். "அதான் பெட்ரோல் கேன் மேல வெச்சேன்."

இவர் பர்ஸை எடுத்தார். "ஃபுல் டேங்க் போடும்மா." அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வந்தவாசி வரை ஸ்கூட்டரிலேயே போனோம். எந்த இறக்கத்திலும் இன்ஜின் அணையவில்லை.

தட்டு வைக்கிற நேரத்துக்குச் சரியாக மண்டபத்தில் நுழைந்துவிட்டோம். பெண்ணின் அம்மா புடவையை எடுத்தார். ஜரிகையைத் தடவினார். முகத்தருகே கொண்டுபோனவர், அப்படியே நின்றார். மூக்கு சுருங்கியது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் மண்டபத்து ஃபேனைப் பார்த்தேன்.

"பொடவை ரொம்ப நல்லா இருக்குதுங்க... இது இன்னா சென்ட்டுங்க?"

என் வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இன்னைக்குத் தேதிக்கு இதவிட காஸ்ட்லியா ஒண்ணும் கிடையாதுங்க, சம்பந்தியம்மா!"