வறுத்த எள்

என் அக்காவை வாயில்லாப் பூச்சி என்பார்கள் உறவுக்காரர்கள். அவளோடு ஒரே அறையில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியும் அந்தப் பூச்சியை.

பகலெல்லாம் சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போடுவாள். விடுமுறை நாளில் வீட்டு ஓவனில் கார பிஸ்கட் சுடுவாள். மாவில் வெண்ணெய், மிளகு, உப்பு. மேலே எள்ளும் சீரகமும் பூசணி விதையும். பிஸ்கட் அக்கா என்று சொன்னால்தான் தெருவில் அவளை அடையாளம் தெரியும். அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அதிலும் கை வைத்தாள் அவள் நாத்தனார். ஒத்தாசைக்கு என்று வந்து, மாவு பிசைவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். விதை தூவுவதற்குள் அவளுக்குப் பேருந்து வந்துவிடும். பிறகு ஒரு டீக்கடை திறந்தாள். நானும் அக்காவும் போனபோது கண்ணாடி ஜாடியில் அதே பிஸ்கட். கடை நிறைய ஆட்கள்.

"எல்லாம் என் கைப்பக்குவம். எங்க அண்ணிக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் நாத்தனார், வாடிக்கையாளர்களிடம்.

அக்கா சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் திட்டித் தீர்த்தேன். "இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. சின்ன வயதில் அவள் ரிப்பனை நான் வெட்டியபோதும் இதையேதான் சொன்னாள். மறுநாள் என் பொம்மைக்குத் தலை இல்லை.

நாத்தனார் இரண்டாவது கடை திறக்கப் போனாள். விதையெல்லாம் ஜாடியின் அடியில் உதிர்கிறது, வாசனையும் போதவில்லை என்று அக்காவுக்கே போன் செய்தாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அக்கா பொறுமையாகச் சொன்னாள். மாவின் மேல் பால் தடவ வேண்டும், விதையைத் தூவி உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்த வேண்டும். அத்தனையும் உண்மை.

"அப்புறம் எள்ளை முதல்லயே நல்லா செவக்க வறுத்துக்கம்மா. வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும்."

பச்சை எள்தான் ஓவனுக்குள் பிஸ்கட்டோடு சேர்ந்து பதமாக வறுபடும். முன்பே சிவந்த எள் உள்ளே போனால் கருகிக் கசக்கும். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நாத்தனார் தன் பிஸ்கட்டை வாயில் வைப்பதே இல்லை. அதுவும் அக்காவுக்குத் தெரியும்.

திறப்பு நாளில் உறவுக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் கடியிலேயே முகங்கள் கோணின. ஒருவர் டீயை ஊற்றி வாய் கொப்பளித்தார். விஷமா வைத்தாய் என்று அவள் அண்ணனே, அதாவது என் அத்தான், கேட்டுவிட்டார். நாத்தனாருக்கு முகம் செத்துப்போயிற்று.

"என்னை ஏன் கேக்கறீங்க? அண்ணிதான் எள்ளை வறுத்துப் போடச் சொன்னாங்க. எல்லாமே அவங்க சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கே நீதானேம்மா சொல்லிக் குடுத்த?"

நான் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.