திரேஸ் டீச்சர் சுருதி தப்பவில்லை

சேவியர், நீ பொய் சொன்னாய். திரேஸ் டீச்சருக்குச் சுருதி நிற்காது என்று நம் கோயில் பங்கு மக்களிடமெல்லாம் சொன்னாய். இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் பொய்யைச் செய்து உன் கையில் கொடுத்தவன் நான்.

வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் குரலை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, குறை அவர் குரலில்தான் என்று அவரிடமே சொன்னேன். அவர் நம்பினார். அதற்குப் பிறகு அவர் பாடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மீதியைப் படிக்க விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எழுதுகிற எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது... ஆனால் பாதியில் நிறுத்தினால் என்னை நான் நல்லவனாகக் காட்டிக்கொண்டதாக ஆகிவிடும்.

என் பெயர் அருள். திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் வீடு. தொண்ணூறுகளில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் போவேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். வீட்டு முன்னறையின் சுவரெல்லாம் சாக்கும் பழைய மெத்தையும் அடித்து, வாசலில் ஸ்டுடியோ என்று போர்டு மாட்டினேன். அடுத்த வீடு பூட்டுப் பட்டறை. அவர்கள் அரம் போடுவதை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் மதிய நேரத்தில்தான் எதையும் பதிவு செய்ய முடியும். அப்படிப்பட்ட ஸ்டுடியோ அது.

எனக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. பிளக்-இன் பைத்தியம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதிவு செய்யும் மென்பொருளுக்குள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்னப் புரோகிராம்களுக்குத்தான் பிளக்-இன் என்று பெயர். ஒன்று எதிரொலி கொடுக்கும். ஒன்று இரைச்சலை நீக்கும். ஒன்று கத்துவதையும் முணுமுணுப்பதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஒன்று சுருதியைத் திருத்தும். நூற்றுக்கணக்கில் இவை அடங்கிய திருட்டு சிடி ஒன்று சென்னையிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எது நல்லது, எது மட்டம் என்று படித்துப் படித்து ஏற்றினேன். ஏற்றியதை அழித்தேன். மறுபடி ஏற்றினேன்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்களா? காதால் அல்ல, கண்ணால். திரையில் பித்தளை நிறத்துக் குமிழும், ஆடுகிற முள்ளும் இருந்தால் அது உயர்ந்தது என்று நினைத்தேன். மைக் செட்காரனுக்கு வேண்டியது காது. அது எனக்கு இருந்தது. இருந்தும் அதை நான் நம்பவில்லை. ஏன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, டீச்சருக்கு வருகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு எங்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை. கீபோர்டோ ஆர்மோனியமோ தொடக் கூடாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவோம். மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் சுரூபத்தை மாதாவின் மடியில் கிடத்தும்போது ஒரே ஒருவர், மாதாவே புலம்புவதாக, வெறும் குரலில் பாடுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் பங்கில் அதைப் பாடியவர் திரேஸ் டீச்சர்தான்.

அவர் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். சொந்தப் பிள்ளை இல்லை. அந்தப் பாட்டில் அவர் ‘மகனே’ என்று எடுக்கும்போது ஆண்கள் வரிசையில்கூடத் தொண்டையைச் செருமுவார்கள். அந்த ஒரு நாளுக்காக அவர் அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கமாட்டார். அவருக்கென்று பங்கில் இருந்த இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவன் சேவியர். எனக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. தவக்காலப் பாட்டெல்லாம் சேர்த்து ஒரு சிடி போடுவோம் என்றவன் அவன்தான். பள்ளி அரை நாளோடு விட்ட ஒரு மதியம் டீச்சரை அழைத்து வந்தான்.

மெத்தை அடித்த சுவரைப் பார்த்ததும் டீச்சர் சிரித்தார். “என்ன தம்பி, பாட வந்தேனா, படுக்க வந்தேனா?”

“கீபோர்டுல சுருதி குடுக்கவா டீச்சர்?” என்றான் சேவியர்.

“அதெல்லாம் வேணாம்ப்பா. அது பக்கத்துல கேட்டா எனக்கு அழுக வராது. எப்பவும் மாதிரி பாடிட்டுப் போறேன். வீட்டுல வேலை கெடக்கு.”

பட்டறையில் அரம் நின்றது. டீச்சர் கண்ணை மூடிப் பாடினார். நிறுத்தவில்லை, திரும்பப் பாடவும் இல்லை. முடித்ததும், “போதுமா? பிள்ளைகட்ட கத்தினது போக மிச்ச தொண்டை இம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதிவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. கொஞ்சம் எதிரொலி சேர்த்திருந்தால் முடிந்தது வேலை. அதுவும் கொஞ்சமே கொஞ்சம்...

சேவியருக்குப் போதவில்லை. “வெறுங் குரலு எடுபடாது மாப்ள. ரெக்கார்டுன்னா அடியில ஏதாச்சும் ஓடணும்ல” என்று கீபோர்டில் வயலின் ஒலியை வைத்து வாசித்துப் பார்த்தான். சேரவில்லை. கேட்கச் சகிக்கவில்லை.

ஏன் சேரும்? டீச்சர் எந்தக் கருவியையும் கேட்டுப் பாடவில்லை. தன் தொண்டைக்கு வாகான இடத்தில் தொடங்கினார். அந்த இடம் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருந்தது. ஆனால் தொடங்கிய இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் அவர் நகரவே இல்லை. இதில் தப்பு எங்கே இருக்கிறது? பெரிய வெள்ளிப் பாட்டைக் கருவியோடு பாடிப் பழகாத ஒருவரிடம் வெறும் குரலைப் பதிவு செய்துவிட்டு, பிறகு அதன் அடியில் கருவியைத் தள்ளினோமே... தப்பு அங்கே இருக்கிறது.

சேவியர் டீ வாங்கப் போனான். நான் சும்மா இருக்கமாட்டாமல் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் இடத்துக்குப் போய், துளித்துளியாக இறக்கினேன். ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. குரலும் வயலினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அடுப்படியிலிருந்து என் மனைவி ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றாள். கையைத் துடைக்கக்கூட இல்லை.

டீயோடு வந்த சேவியரும் நின்று கேட்டான். முழுவதும் கேட்டான்.

“என்னடா பண்ண?”

“கீபோர்ட எறக்குனேன்.”

டீயைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு டீச்சரம்மா குரலுக்குப் போயி கீபோர்ட எறக்குறதா? கேட்டா சிரிப்பாங்க மாப்ள. மதுரை ஸ்டுடியோவுல கம்ப்யூட்டரே சுருதி சேத்துருதாம்ல. ஒன்ட்ட அதெல்லாம் இல்லியோ?”

இல்லையா? என்னிடமா?

அந்த ஒரு கேள்விதான். வேறு எந்தக் காரணமும் எனக்கு இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. சற்றுமுன் என் காது ஒன்றைக் கேட்டு, சரி என்று சொல்லியிருந்தது. அதைத் தள்ளிவிட்டுத் திரையைத் திறந்து பட்டியலைக் காட்டினேன். சுருதி திருத்த மட்டும் நான்கு பிளக்-இன் வைத்திருந்தேன். அவற்றில் எது வேகமானது, எது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது என்று தேர்ந்தெடுத்தேன். கீபோர்டைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன்.

பிளக்-இன்னுக்கு டீச்சரைத் தெரியாது. மாதாவைத் தெரியாது. ஒவ்வொரு ஒலியையும் பக்கத்தில் இருக்கும் கட்டைக்கு இழுக்கும், அவ்வளவுதான். நடுவில் நின்ற குரலை அது சில எழுத்தில் மேலே இழுத்தது, சில எழுத்தில் கீழே இழுத்தது. ‘மகனே’ என்று அவர் வழுக்கி இறங்கிய இடம் படிக்கட்டு மாதிரி உடைந்தது. திரையில் வளைந்து வளைந்து ஓடிய கோடு நேராக வெட்டுப்பட்டதைப் பார்த்துச் சேவியர் கை தட்டினான். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆம், பெருமையாக இருந்தது!

கேட்டபோது தகரத்தில் ஆணி இழுத்தது போல இருந்தது. அதை மூட எதிரொலியைக் கூட்டினேன். எதிரொலிப் பட்டியலில் ‘கதீட்ரல்’ என்று ஒன்று இருந்தது. எந்த நாட்டுப் பெரிய கோயிலோ. எங்கள் கோயிலுக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. அங்கே பாடினால் சத்தம் மேலே முட்டி உடனே கீழே விழும். அந்த நெருக்கத்தில்தான் அந்தப் பாட்டு எங்களை அழ வைத்தது. நான் அவரை ஏதோ தேசத்துக் கோபுரத்துக்கடியில் கொண்டுபோய்த் தனியாக நிறுத்தினேன்.

பிறகு நத்தத்து மாங்காய் மண்டிக்கு ஒரு விளம்பரம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. டீச்சரின் முதல் பதிவை அழித்தேன்.

யோசிக்கக்கூட இல்லை.

சிடி வந்தது. வீட்டில் போட்டேன். “இது யாரு பாடுறது?” என்று கேட்டாள் என் மனைவி. நான் சிடியை நிறுத்தினேன்.

கோயில் வாசலில் பையன்கள், “மாதா தகர டப்பாக்குள்ள மாட்டிக்கிட்டு அழுகுது” என்றார்கள். பங்குப் பேரவை ஆட்கள் சேவியரைக் கேட்டபோது அவன் கூசாமல் சொன்னான்: “டீச்சருக்குச் சுருதியே நிக்கல. அருளு கம்ப்யூட்டர்ல சரி பண்ணித்தான் இந்த மட்டுக்கும் தேறுச்சு.” பக்கத்தில் நின்றிருந்தேன். தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நின்றிருந்தால்கூட... இல்லை, அதற்கும் சமாதானம் தேட வேண்டாம்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. பையைத் தோளிலேயே வைத்திருந்தார்.

“தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. நான் சுருதி தப்பித்தான் பாடுனேனா?”

உண்மையைச் சொன்னால் என் ஸ்டுடியோ என்னாவது, என் கெட்டிக்காரத்தனம் என்னாவது என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே நொடிதான்.

“ஆமா டீச்சர். கொஞ்சம் விலகித்தான் இருந்துச்சு.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் சிரிக்கப் பார்த்தார். “இம்புட்டு வருஷமா யாருமே சொல்லலியே தம்பி. பாவம், எல்லாரும் பொறுத்துக்கிட்டுல்ல இருந்துருக்காக” என்றார். பிறகு, “தண்ணி குடுங்க, வெயிலு” என்றார். குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னார். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் சிடியைப் போட்டார்கள். கீபோர்டு தொடக் கூடாத நாளில், கீபோர்டும் தகரக் குரலுமாக ஒரு சிடி! யாருக்கும் உறுத்தவில்லை. சுரூபத்தை மாதாவின் மடியில் கிடத்தும்போது பொத்தானை அழுத்துகிறவன் நான். மைக் செட் என்னுடையதல்லவா.

டீச்சர் பெண்கள் பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். தன் குரல் என்று நாங்கள் சொன்ன அந்தச் சத்தத்தைத் தலை குனிந்து கேட்பார். மற்றப் பாட்டுகளுக்குக்கூட அவர் உதடு அசைந்து நான் பார்த்ததில்லை.

வருடத்துக்கு ஒருமுறை நானும் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். குடித்ததைச் சொன்னேன். கோபத்தைச் சொன்னேன். மனைவி மேல் கை நீட்டியதைச் சொன்னேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் ஃபாதர் சில மந்திரங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவாரோ, அதோடு முடிந்துபோகுமோ என்று பயம். முடியக் கூடாது என்று நினைத்தேனா, சொல்லத் தைரியம் இல்லையா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் டீச்சர் பணி ஓய்வு பெற்றார். பங்கு மண்டபத்தில் சால்வை போட்டார்கள். சேவியர் இப்போது பாடல் குழுவுக்குத் தலைவன். மைக்கைப் பிடித்தான். “நம்ம டீச்சருக்குச் சுருதி சேக்க ஒரு கம்ப்யூட்டரே தேவைப்பட்டுச்சு, ஆனா மனசுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவையில்ல” என்றான். கூட்டம் சிரித்தது. டீச்சரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் மைக். நீட்டவில்லை.

அன்று வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நல்ல மனம் வந்து அல்ல.

டீச்சர் இதைப் படிப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால், “விடுங்க தம்பி” என்று சொல்லிவிடுவார். அவரை அப்படிச் சொல்ல வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அழித்த பதிவை என்னால் திருப்பித் தர முடியாது. இப்போது பாடச் சொன்னாலும், இத்தனை வருடம் பூட்டிவைத்த தொண்டை திறக்குமா என்று தெரியவில்லை. அன்று அவர் சுருதி தப்பவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. கேட்ட காதுகள் மட்டும்தான் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. கெடுத்தவன் சொல்வதை யார் நம்புவார்கள்? ஒன்று என் மனைவியுடையது. அவள் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள்.

இன்னொன்று உன்னுடையது, சேவியர்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது என் பங்கை நான் மைக்கில் சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு மைக்கை அணைக்கமாட்டேன். நீ கீபோர்டை விட்டு எழுந்து வா. டீச்சர் முன்னால், பங்கு மக்கள் முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். கீபோர்டை இறக்கியபோது டீச்சரின் குரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சேர்ந்து நின்றதை நீ கேட்டாயா, இல்லையா?